பதினேழு நிமிடம்

டிஸ்கைத் தரும்போதே நைனா முகமது சொன்னான்:
"அக்கா, இதைத் திருப்பிக் கொண்டாராதீங்க.
எடுத்துட்டுப் போன நாலு பேரும் சண்டைக்கு வந்துட்டாங்க."
கடலூர் லாரன்ஸ் ரோட்டில் அவன் கடை
செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில்,
ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம்.

எந்த நாட்டுப் படம் என்றே தெரியவில்லை.
ஒரு பெண் சந்தையில் கதவு வாங்குகிறாள்.
வீடு கிடையாது அவளுக்கு. கதவு மட்டும்.
பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒற்றைக் கதவு.
முதுகில் கட்டிக்கொண்டு மேடேறுகிறாள்.
களைத்தால் அதை நடுச்சாலையில் நிறுத்திவைத்துப்
பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.
போகிறவர்கள் தட்டுகிறார்கள்.
சிலருக்குத் திறக்கிறாள்.
சிலருக்கு இல்லை.

நாற்பத்தோராவது நிமிடம்
படம் உறைந்து, கட்டங்கட்டமாகச் சிதறி,
ஐம்பத்தெட்டுக்குத் தாவும்.
இப்போது முதுகில் கதவு இல்லை.
இடது கையில் துணிக்கட்டு. தலை ஈரம்.
நடை மட்டும் வேகமாகியிருக்கிறது.

பற்பசை தடவித் துடைத்தேன்.
பூவராகன் சட்டையில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தான்,
எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் போல.
"கதவ வித்திருப்பா."
"கையில என்ன கட்டு?"
"விலை படியல. அடிதடி."
விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்கு
எடை எழுதுகிறவன் என் வீட்டுக்காரன்.
அவன் உலகத்தில் காணாமல் போனதெல்லாம்
விலைக்குத்தான் போயிருக்கும்.

அந்த மார்கழியில் தானே வந்தது.
விடிகாலைக் காற்று எங்கள் பின்கதவைப்
பிடுங்கிக்கொண்டு போனது. நிஜமாகவே.
மூன்று தெரு தள்ளி, புதுப்பாளையத்தில்,
யாரோ ஆட்டுக்கு மறைப்பாக நிறுத்தியிருந்தார்கள்.
கேட்கப் போன பூவராகன்
கேட்காமல் திரும்பி வந்தான்.

பதினெட்டு நாள் கரண்ட் இல்லை.
தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு
ராத்திரி எல்லாரும் மாடியில்.
கொசு. மெழுகுவத்தி ஒன்று இருபது ரூபாய்.
"யாராவது ஒரு படம் சொல்லுங்களேன்," என்றாள் சலேத்துமேரி.
சொன்னார்கள். எல்லாரும் பார்த்த படங்கள்.
முடிவை முதலிலேயே சொல்லிச் சிரித்தார்கள்.
நான் கதவைச் சொன்னேன்.
நாற்பத்தொன்றில் நிறுத்தினேன்.
"அப்புறம்?"
"தெரியாது."

மாடி கொதித்தது.
கதவைத் தெப்பமாக்கி ஆற்றைக் கடந்திருப்பாள்,
அதான் தலை ஈரம் என்றாள் சலேத்துமேரி.
கீழ்வீட்டு கேட்கீப்பர் தணிகைநாதன்
"பாடையாக்கி யாரையோ தூக்கிட்டுப் போயிருப்பா," என்றார்.
கொஞ்ச நேரம் கொசு மட்டும் பேசியது.
ஒன்பதாவது படிக்கும் ஷெரின் சொன்னாள்:
"ஒருத்தன் உள்ள போனான். வரவே இல்ல.
அவ சாத்திட்டு வந்துட்டா."
மறுநாளும் கேட்டார்கள்.
மறுநாளும் வேறு பதினேழு நிமிடம்.

கரண்ட் வந்த அன்று
ஒருவரும் மாடிக்கு வரவில்லை.

போன மாதம், செம்மண்டலம் மருந்துக் கடையில்,
மத்தியான மந்தத்தில்,
கைபேசியில் முழுப்படமும் கிடைத்தது.
நாற்பது தாண்டும்போது ஒருவர் இருமல் மருந்து கேட்டார்.
எதையோ கொடுக்க இருந்தேன், நல்லவேளை
லேபிளைப் பார்த்தேன்.

பதினேழு நிமிடமும் அவள் தூங்குகிறாள்.
கதவைப் படுக்கப் போட்டு அதன்மேல் கால் மடக்கி.
கேமரா அசையவில்லை.
மழை வருகிறது, நிற்கிறது.
ஒரு நாய் முகர்ந்துவிட்டுக் காலடியில் படுக்கிறது.
கடைசியில் எழுகிறாள். ஆணி கையைக் கிழிக்கிறது.
முந்தியைக் கிழிப்பதுபோல் ஏதோ துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு
கதவை அங்கேயே விட்டுப் போகிறாள்.
ஏன் என்று படமும் சொல்லவில்லை.

அந்தப் பதினெட்டு ராத்திரியும்
எங்களில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை
என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பூவராகன் இப்போது பண்ருட்டிக் கூடத்தில்.
போன் போட்டேன்.
பின்னால் தராசுச் சத்தம், யாரோ எண் கூவுகிறார்கள்.
"அந்தக் கதவுப் படம் முழுசா பாத்தேன்."
"வித்தாளா?"
"வித்துட்டா," என்றேன்.

"என்ன விலைக்கு?"